நாள் முழுதும் பசிக்கும் மீன்

(கடல்மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்களுக்காகச் சென்னையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கடல்நீர்த் தொட்டியைப் பற்றிப் பொதுவாகப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் உப்பு, விளக்கு, ஃபில்டர், நோய் என்று எல்லா வாசலிலும் எட்டிப் பார்த்துவிட்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்கிறேன். அதை ஒழுங்காக வளர்க்கத் தெரிந்தவருக்குக் கடல்நீர்த் தொட்டியில் மிச்சம் கற்க வேண்டியது அதிகமில்லை.

அந்த மீன் அந்தியாஸ். அதிலும் கடைகளில் அதிகம் காணக்கிடைக்கும் லைர்டெயில் அந்தியாஸ். அறிவியல் பெயர் சூடாந்தியாஸ் ஸ்குவாமிபின்னிஸ். 1855-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் இதற்குப் பெயரிட்டார். செங்கடலில் தொடங்கி ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, மாலத்தீவு, இலங்கை வழியாக ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. பெண் மீன் தங்க ஆரஞ்சு நிறம், சுமார் ஏழு சென்டிமீட்டர். ஆண் அதைவிடப் பெரியது. ஊதாவும் ரோஜாவும் கலந்த உடல், முதுகுத் துடுப்பில் நீண்டு நிற்கும் ஒரு முள், பக்கத் துடுப்பில் ஒரு சிவப்புத் திட்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று சொல்லத் தோன்றாது.

மீன் சந்தையில் களவா வாங்கியிருப்பீர்கள். மரபான வகைப்பாட்டில் அந்தியாஸ் அந்தக் களவாக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் குணத்தில் இரண்டும் எதிர்த் துருவம். களவா பாறை இடுக்கில் தனியாகப் பதுங்கிக் கிடக்கும். வாய்க்கு அடங்குகிற ஒரு மீன் வந்தால் விழுங்கிவிட்டு, அடுத்த நாள்வரைகூடச் சும்மா இருக்கும். அந்தியாஸ் தனியாக இராது, சும்மாவும் இராது. இந்த இரண்டு குணங்களைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு முழுவதும். கடலில் இருக்கும் அந்தியாஸுக்கு ஓயாமல் வந்துகொண்டிருப்பவை இரண்டு: உணவு, கூட்டம். கண்ணாடித் தொட்டியில் வைத்த மறுகணம் இரண்டும் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும். உட்கார முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மீனை வாங்க வேண்டும்.

முதலில் உணவு.

பாறையின் விளிம்பு எங்கே செங்குத்தாக இறங்குகிறதோ, எங்கே நீரோட்டம் வந்து மோதுகிறதோ, அங்கேதான் அந்தியாஸ் கூட்டம் நிற்கும். சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு, சில இடங்களில் ஆயிரக்கணக்கில். எல்லா மீன்களும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, அடித்துச் செல்லப்படாத அளவுக்கு மட்டும் நீந்திக்கொண்டு, வருவதைப் பொறுக்கித் தின்னும். வருவது என்ன? விலங்கு மிதவை உயிரிகள்: கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள், மீன் முட்டைகள், இறால் நண்டுகளின் குஞ்சுகள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. ஒரு கோபிபாடில் வயிறு நிறையாது. விடிந்ததிலிருந்து அந்தி சாயும்வரை கொத்திக்கொண்டே இருந்தால்தான் அன்றைய கணக்கு நேராகும். ஆபத்து வந்தால் கூட்டம் முழுவதும் பாறைக்குள் ஒளியும். போனதும் மறுபடி வெளியே வந்து விட்ட இடத்தில் தொடரும். இரவில் மட்டும்தான் ஓய்வு.

இப்படித் தின்னும் உயிருக்கு உணவைச் சேர்த்துவைக்கும் பெரிய இரைப்பை தேவைப்படவில்லை. சிறிய வயிறு, குட்டையான குடல், வேகமான செரிமானம், நாள் முழுதும் நீச்சலில் செலவாகும் சக்தி. கைக்குழந்தைக்கு ஒரே நேரத்தில் ஒரு படி பாலைக் கொடுத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போக முடியாதல்லவா? அந்தியாஸின் நிலைமை அதுதான். காலையில் ஒரு பிடி, இரவில் ஒரு பிடி என்று போட்டால் இரண்டு வேளையும் ஆவலாகத் தின்னும். நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் இரண்டு வேளைக்கும் நடுவில் அது தன் உடம்பையே தின்றுகொண்டிருக்கும்.

இதில் ஏமாற்றும் விஷயம், பட்டினியின் அடையாளம் உடனே தெரியாது என்பது. நிறம் இருக்கும், நீச்சல் இருக்கும், தீனியைக் கண்டால் ஓடி வரும். பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்தும் முன்னாலிருந்தும் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகின் இரண்டு பக்கமும் சதை வற்றி, முதுகு கத்தி முனைபோல் ஒடுங்கியிருந்தால், வயிறு உள்வாங்கியிருந்தால், அந்த மீன் பல நாட்களாகக் கடனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு நல்ல தீனி கொடுத்தும் மீளாத மீன்கள் உண்டு. "நேற்றுவரை நன்றாகத்தானே தின்றது, ஏன் செத்தது?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். தின்றது, போதவில்லை.

அப்படியானால் எத்தனை வேளை? லைர்டெயில் அந்தியாஸ் வகைகளில் கொஞ்சம் முரட்டு ஆள். அதற்கே நாளுக்கு மூன்று வேளை குறைந்தபட்சம். ஐந்து என்றால் நல்லது. இதைவிட மென்மையான அந்தியாஸ் வகைகளுக்கு இதுவும் போதாது. ஒவ்வொரு வேளையும் சிறிதாக, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீரும் அளவு. தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டத்தின் தலைப்பில் தீனியை விட வேண்டும். நடுநீரில் மிதந்து வருவதைத்தான் இது உணவென்று மதிக்கும். அடியில் விழுந்ததைக் குனிந்து பொறுக்கும் பழக்கம் இதற்கு இல்லை.

என்ன கொடுப்பது என்று வரும்போது பலரும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலில் போய் நிற்கிறார்கள். நமக்கு அது தூரத்துப் பொருளும் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களின் நீரில் வாழும் உயிர்தான். அதன் முட்டையை உப்பு நீரில் காற்றோட்டத்துடன் வைத்தால் ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த கையோடு கொடுத்தால் அதன் உடலில் இருக்கும் கருவுணவு மீனுக்குக் கிடைக்கும். நேரம் போகப்போக குஞ்சு அந்தக் கருவுணவைத் தானே கரைத்துக்கொள்கிறது. வளர்ந்த ஆர்ட்டீமியாவில் கடல்மீனுக்கு அவசியமான டிஎச்ஏ போன்ற கொழுப்பு அமிலங்கள் மிகக் குறைவு. அதை மட்டுமே கொடுத்தால் வயிறு நிறைந்தும் சத்து சேராது. இதற்கு வழி இருக்கிறது. பொரித்துச் சில மணி நேரம் கழித்துக் குஞ்சு முதல் தோலை உரித்த பிறகுதான் அதற்கு வாய் திறக்கும். அப்போது கொழுப்பு அமிலக் கலவையில் சில மணி நேரம் விட்டு, அதன் வயிற்றை நிரப்பிப் பிறகு மீனுக்குக் கொடுக்கலாம். உறைய வைத்த மைசிஸ் என்னும் சிற்றிறால், மீன் முட்டை, கோபிபாட் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். நாளடைவில் சிறு குருணைத் தீனியையும் பழக்கலாம். அது பழகிவிட்டால் நீங்கள் அலுவலகம் போயிருக்கும் நேரத்துக்குத் தானியங்கி ஃபீடர் துணைக்கு வரும். நிறத்துக்கும் தீனியே பொறுப்பு. தொட்டிக்கு வந்த ஆண்களின் ஊதா வெளிறுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஓட்டுடலிகளைத் தின்றுதான் பெற வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அவ்வளவுதானே, ஐந்து வேளை போட்டுவிடலாம்" என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பம். தீனி போட்டது மீனுக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கும்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எட்டு அந்தியாஸ் இருக்கும் தொட்டியில் ஒரு வாரத்துக்குள் 10 கிராம் உலர்தீனி சுலபமாகப் போய்விடும். அதில் 45 விழுக்காடு புரதம் என்று வைத்தால் 4.5 கிராம் புரதம். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன்; ஆக 0.72 கிராம். அந்த நைட்ரஜன் முழுவதும் கடைசியில் நைட்ரேட்டாக முடிந்தால் கிட்டத்தட்ட 3.2 கிராம் நைட்ரேட். 400 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராம். மீனின் உடம்பில் கொஞ்சம் தங்கும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கொஞ்சம் எடுக்கும், உண்மைதான். இன்னொரு பக்கம் பாருங்கள். நைட்ரேட் ஏற்கெனவே 40 இருக்கும் தொட்டியில் வாரம் பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றினால் குறைவது 4 மட்டும். வருவது எட்டு, போவது நான்கு என்றால் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி இந்த மீனை வளர்க்க முடியாது என்று தெரிகிறது அல்லவா?

நைட்ரேட்டுக்கு முன்னால் வரும் அம்மோனியா இன்னும் கொடியது. கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட் என்று பாக்டீரியாக்கள் படிப்படியாக மாற்றும். அந்தப் பாக்டீரியாக்கள் குடியேறி நிலைக்கப் புதுத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: கடல்நீரின் பிஎச் சுமார் 8.2. பிஎச் ஏற ஏற, சூடு ஏற ஏற, அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு கூடும். அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும். அதனால் தொட்டி வைத்த முதல் மாதத்தில் அந்தியாஸ் வாங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். ஆறு மாதமாவது ஓடி அடங்கிய தொட்டிக்குத்தான் அது வர வேண்டும்.

இங்கேதான் கருவிகளுக்கு அர்த்தம் வருகிறது. புரோட்டின் ஸ்கிம்மர், நுண்ணிய காற்றுக் குமிழ்களில் கரிமக் கழிவை ஒட்டவைத்து, அது அம்மோனியாவாக அழுகுவதற்கு முன்பே நுரையாக வெளியே தள்ளுகிறது. இந்த மீனுக்குத் தொட்டியின் கொள்ளளவுக்குச் சொல்லப்படும் ஸ்கிம்மரைவிட ஒரு படி பெரியதாக வாங்குங்கள். சம்ப் என்னும் துணைத்தொட்டியில் ஓர் அறையை ஒதுக்கிக் கீட்டோமார்ஃபா போன்ற பாசியை விளக்கு வைத்து வளர்த்தால் அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். வளர்ந்ததை அறுத்து வெளியே போட்டால் போட்ட தீனியின் ஒரு பகுதியை வெளியே எடுத்ததாகக் கணக்கு. அந்தப் பாசிக்குள் கோபிபாட்கள் பெருகி, பம்ப் வழியாகத் தொட்டிக்குள் போய், நீங்கள் தூங்கி எழுவதற்கு முன்பே மீனுக்கு ஒரு வேளை கிடைத்துவிடும். கழிவைக் குறைக்கும் ஏற்பாடே தீனியும் தருகிறது என்பதால் இந்த மீன் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ஓ தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடலுப்பு, அடர்த்தி எண் 1.025-ஐ ஒட்டி, அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். போர்வெல் தண்ணீரில் நேரடியாகக் கரைக்காதீர்கள். கடற்கரையிலிருந்து குடத்தில் மொண்டு வருவதும் வேண்டாம். நகரத்துக் கரையோரத்தில் கலப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

சென்னையில் இருந்துகொண்டு சூட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்த மீனுக்கு 24 முதல் 26 டிகிரி வசதி. மே மாதத்து வீட்டில், பம்புகளும் விளக்கும் சேர்ந்து சூடேற்றும் தொட்டி 31, 32-ஐத் தொடும். சூடு அதிகமானால் மீனின் உடல் சக்தியை வேகமாக எரிக்கும், பசி கூடும், ஆக்சிஜன் தேவையும் கூடும். அதே நேரத்தில் தண்ணீர் வைத்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கொள்ளும். கடல்நீருக்கு ஏழுகூட வராது. 30 டிகிரியில் அது ஆறைச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஓடும் நீரில் வாழப் பிறந்த மீன் இந்தக் குறையைச் சட்டென்று உணரும். ஆகவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் இங்கே ஆடம்பரம் இல்லை, வாடகை மாதிரி நிரந்தரச் செலவு. மின்சாரம் போனால் வேவ்மேக்கர் நிற்கும், மேற்பரப்பு அசையாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் சார்ஜோடு இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் டிவிக்கு முன்னால் தொட்டிப் பம்புக்கு இணைப்புக் கொடுங்கள். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

இனி இரண்டாவது, கூட்டம். என் வரையில் இந்த மீனின் சுவையான பகுதி இதுதான்.

அந்தியாஸ் எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. ஒரு கூட்டத்தில் ஓர் ஆண், அதைச் சுற்றிப் பல பெண்கள். பெரிய கூட்டத்தில் ஆண்களும் பலர் இருப்பார்கள். ஆண் இறந்தால் பெண்களில் மேல்நிலையில் இருக்கும் ஒன்று ஆணாக மாறும். 1970-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் லெவ் ஃபிஷெல்சன், நேச்சர் இதழில் இந்த மீனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆண் மீன் கூட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்த மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று அதில் காட்டினார். வயதும் அளவும் தானாக முடிவு செய்வதில்லை. சுற்றியிருக்கும் கூட்டம் முடிவு செய்கிறது. சில வாரங்களில் நிறம் மாறி, முதுகு முள் நீண்டு, சூலகம் விந்தகமாகி, மீன் முழு ஆணாகிவிடும்.

பத்தாண்டு கழித்து, 1980-இல், டக்ளஸ் ஷாப்பிரோ என்னும் ஆய்வாளர் சயன்ஸ் இதழில் இன்னும் வியப்பான ஒன்றைப் பதிவு செய்தார். பெரிய கூட்டங்களிலிருந்து பல ஆண்களை ஒரே நேரத்தில் எடுத்துவிட்டுப் பார்த்தார். எத்தனை ஆண்கள் போனார்களோ கிட்டத்தட்ட அத்தனை பெண்கள் மாறினார்கள். எல்லாம் ஒரே நாளிலும் மாறவில்லை. ஒன்று மாறத் தொடங்கி, சராசரியாக இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது என்று வரிசையாக. யாரும் எண்ணிச் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு மீனுக்கும் தன் படி எது, தனக்கு மேலே யார், கீழே யார் என்பது தெரிந்திருக்கிறது.

இந்தப் படிவரிசைதான் தொட்டியில் வினையாகிறது. வரிசையை நினைவூட்ட மேலே உள்ளது கீழே உள்ளதைத் துரத்தும். கடலில் துரத்தப்பட்ட மீன் நூற்றுக்கணக்கானவற்றின் நடுவே மறைந்துபோகும். துரத்தியது அடுத்த கணம் வேறொன்றைப் பார்க்கும். தொட்டியில் மூன்றே மீன்கள் இருந்தால்? முதலாவது இரண்டாவதைத் துரத்தும், இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் துரத்தும். மூன்றாவது பாறைக்குப் பின்னால் ஒதுங்கும். ஒதுங்கிய இடத்துக்கு ஓட்டத்தில் வரும் தீனி எட்டாது. உடம்பில் காயம் ஒன்றும் இருக்காது, பட்டினியில் போய்விடும். அடுத்து இரண்டாவதின் முறை. பச்சைக் குரோமிஸ் மீன் பத்து வாங்கி ஓராண்டில் ஒன்றிரண்டாகிப் போன கதை இங்கே பலருக்குத் தெரியும். அங்கே நோய்க்கும் பங்குண்டு, துரத்தலுக்கும் உண்டு.

ஆகவே எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஓர் ஆண், ஆறு ஏழு பெண்கள். துரத்தல் பலர்மேல் பிரிந்து விழும். இல்லையென்றால் சிறிய பெண்களாகவே ஏழெட்டு வாங்குங்கள். ஆண் அவற்றிலிருந்தே வரும். அந்த மாற்றத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். இரண்டு ஆண்கள் சாதாரண வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுங்கள். முடியாவிட்டால் சிறியது முதலில், பெரியது பிறகு. தொட்டி ஒன்றரை மீட்டர் நீளமாவது இருக்கட்டும். 150க்கு 50க்கு 55 சென்டிமீட்டர் என்றால் 400 லிட்டருக்குச் சற்று மேல் வரும். உயரத்தைவிட நீளம் முக்கியம், நீந்தும் மீன் இது. பாறையைச் சுவர்போல் அடுக்காமல், ஒவ்வொரு மீனுக்கும் இரவில் ஒரு பொந்து கிடைக்கும்படி அடுக்குங்கள். மேலே வலை மூடி கட்டாயம், மிரண்டால் தாவும். தீனி போடும்போது கூட்டத்தைப் பார்க்காதீர்கள். கடைசி மீனைத் தேடுங்கள். அது ஓட்டத்துக்கு வந்து கொத்துகிறதா என்பதே அன்றைய மதிப்பெண்.

இப்போது மீன் நம்மிடம் வரும் வழியைச் சொல்கிறேன். கடைக்கு வரும் அந்தியாஸில் பெரும்பகுதி கடலில் பிடித்தது. பிடித்த இடத்திலிருந்து ஏற்றுமதிக் கூடம், விமானம், இறக்குமதியாளர், கடை என்று கைமாறி வருகிறது. பயணத்தில் பை நீர் கெடாமல் இருக்கத் தீனியை நிறுத்திவிடுவார்கள். களவாவுக்கு அது ஒன்றுமில்லை. நாள் முழுதும் தின்று பழகிய இதற்கு ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு பட்டினி. ஆழத்தில் பிடித்து வேகமாக மேலே கொண்டுவந்தால் நீச்சல்பை ஊதிவிடும்; ஆழத்தில் வாழும் அந்தியாஸ் வகைகளில் இது பெரிய தொல்லை. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு மீன்பிடி இன்னொரு கேடு. பாறை இடுக்கில் சோடியம் சயனைடைப் பீச்சி மயங்கிய மீனை எடுப்பார்கள். சுற்றியிருக்கும் பவளம் சாகும், எடுத்த மீனும் நீண்ட நாள் தாங்காது. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், எங்கிருந்து வந்தது, வந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். அன்று காலை வந்திறங்கிய மீனை அன்று மாலை வாங்காதீர்கள். தின்னாத மீன், குறைந்த விலையில் கிடைத்தாலும் நட்டம்தான்.

வீட்டுக்கு வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். முக்கியக் காரணம் வெண்புள்ளி நோய், கிரிப்டோகேரியான். இந்த ஒட்டுண்ணி சில நாட்கள் மீனின் தோலில் இருந்து தின்னும். பிறகு உதிர்ந்து அடியில் கூடுகட்டும். கூட்டுக்குள் பல்கிப் பல நாள், சில சமயம் பல வாரம் கழித்து வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது இதனால்தான் தவறு. மறைந்தது உதிர்ந்ததால், திரும்ப வரும்போது பல மடங்காக வரும். செம்பு மருந்து நீந்தித் திரியும் கட்டத்தில் மட்டுமே அதைக் கொல்லும், கூட்டுக்குள் இருப்பதைத் தொடாது. அதனால்தான் வாரக்கணக்கில் மருந்தளவு குறையாமல் வைக்க வேண்டியிருக்கிறது. பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் செம்பு ஊற்றினால் அவை சாகும்; ஆகவே தனித்தொட்டி. இங்கேயும் பசியை மறக்கக் கூடாது. தனித்தொட்டி சிறியது, ஃபில்டர் இளையது, தீனியோ ஐந்து வேளை. தினமும் அம்மோனியாவை அளந்து, வேண்டுமானால் தினமும் தண்ணீர் மாற்றத் தயாராக இருந்தால்தான் இந்தக் காலத்தைத் தாண்டலாம். மருந்து கொடுத்து நோயில் காப்பாற்றி, பசியில் இழந்தால் என்ன பயன்?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 2001-இல் கல்பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள், ராட்சதக் கிளிஞ்சல்கள், கடல் அட்டைகள் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரம் போனபோது எடுத்தேன், தூத்துக்குடியில் ஒருவர் கொடுத்தார் என்று பவளக் கல்லைத் தொட்டியில் வைப்பது குற்றம், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும். அந்தியாஸுக்குப் பவளம் தேவையும் இல்லை. அது பவளத்தைத் தின்பதில்லை. ஒளிய இடுக்கும் முகத்துக்கு ஓட்டமும்தான் கேட்கிறது. சுட்டமண், சிமெண்டு, பீங்கானில் செய்த செயற்கைப் பாறைகள் போதும். பாக்டீரியாக்கள் அதிலும் குடியேறும்.

பண்ணையில் பொரித்த மீன் கிடைத்தால் கடலைத் தொட வேண்டியதே இல்லையே என்று கேட்கலாம். கோமாளி மீனில் அது நடந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமே கோமாளி மீன் பொரிப்பகத்துக்குப் பெயர் பெற்றது. கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டவைத்துக் காவல் காக்கும். பொரிக்கும் குஞ்சும் ஓரளவு பெரியது. அந்தியாஸ் அந்தி நேரத்தில் நடுநீரில் முட்டையை வீசிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் குஞ்சின் வாய் மிகச் சிறியது. ஆர்ட்டீமியாக் குஞ்சு அதற்குள் நுழையாது. கோபிபாடின் குஞ்சுகளை இரவு பகலாக வளர்த்துக் கொடுக்க வேண்டும். இதே நிறுவனத்தின் விழிஞம் மையம், உறவு மீனான மார்சியா அந்தியாஸை இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சுகளை வளர்த்தெடுத்திருக்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் லைர்டெயில் இன்றும் பெரும்பாலும் கடலிலிருந்தே வருகிறது. நம் தொட்டியில் சாகும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக இன்னொன்று அங்கிருந்துதான் பிடிக்கப்படும். அந்தக் கணக்கு நம் தலையில் இருக்கட்டும்.

எல்லாம் கேட்டபின், "சரி, நான் வாங்கலாமா?" என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்கும். எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை ஒன்று உண்டு. உங்கள் தொட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, உறுதியான மீன்கள் நாலைந்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தியாஸ் வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, இருக்கும் மீன்களுக்கு ஒரு மாதம் நாளுக்கு ஐந்து வேளை சிறிது சிறிதாகத் தீனி கொடுங்கள். மாதத் தொடக்கத்தில் நைட்ரேட்டை அளந்து எழுதிவையுங்கள். வாரம் ஒரு முறை மறுபடி அளங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கொடுங்கள், கல்யாணத்துக்குப் போன நாளிலும் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். மாத முடிவில் இரண்டு கேள்விகள். நைட்ரேட் ஏறாமல் நின்றதா? ஐந்து வேளையும் தவறாமல் நடந்ததா?

முதல் கேள்விக்கு இல்லை என்றால் ஸ்கிம்மரையும் சம்ப்பையும் திருத்திவிட்டு மறு மாதம் பாருங்கள். அது பணத்தில் தீரும் குறை. இரண்டாவதற்கு இல்லை என்றால் உங்கள் வாழ்க்கைமுறைக்கும் இந்த மீனுக்கும் ஒத்துவராது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் நாளுக்கு இரண்டு வேளையில் பல ஆண்டு வாழும். இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால், ஏழெட்டுப் பெண்களாகப் பார்த்து வாங்குங்கள். அவற்றில் எது ஆணாகப் போகிறது என்று இப்போதே பந்தயம் கட்டிக்கொள்ளலாம்.